பெக்கம் ரையில் இறங்கிய தேவதைகள்: ‘ஹெல்ப்ளேசர்’ புதிய அணியின் கைக்கு வந்தபோது

தென் லண்டனில் பெக்கம் ரை என்று ஒரு பூங்கா. 2019 நவம்பரில் வெளிவந்த ‘ஜான் கான்ஸ்டன்டைன்: ஹெல்ப்ளேசர்’ காமிக்ஸ் தொடரின் முதல் இதழில் அங்கே தேவதைகள் இறங்குகிறார்கள். இறங்கி, போதைப்பொருள் விற்கும் கும்பலின் பையன்களைக் கிழித்துப் போடுகிறார்கள். கும்பலின் தலைவன் கே-மேக் இதைப் போய்ப் போலீஸில் சொல்ல முடியாது. அதனால் ஒரு மந்திரவாதியைப் பிடிக்கிறான். ஜான் கான்ஸ்டன்டைன் மறுபடி லண்டனில் வேலைக்கு வந்தது இப்படித்தான்.

இடம் பெக்கம் ரை என்பது தற்செயல் இல்லை. கவிஞர் வில்லியம் பிளேக் எட்டு அல்லது பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1760களில், இதே இடத்தில் ஒரு மரம் முழுக்கத் தேவதைகளைக் கண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. முதல் கதைத்தொகுதியின் தலைப்பு ‘எ கிரீன் அண்ட் ப்ளெசன்ட் லேண்ட்’. ஆங்கிலேயர் கிட்டத்தட்ட தேசிய கீதம் போலப் பாடும் பிளேக்கின் வரியிலிருந்து எடுத்தது. முதல் தொகுப்பு நூலின் பெயர் ‘மார்க்ஸ் ஆஃப் வோ’. அது 1794இல் வந்த அவருடைய ‘லண்டன்’ கவிதைச் சொல். ஒரு தேசம் தன்னைப் பற்றிப் பெருமையோடு வைத்திருக்கும் புனித நினைவு, அதே மண்ணில் இன்று பிழைக்கும் ஏழைப் பையன்களைக் கொல்கிறது. எழுத்தாளர் ஸை ஸ்பரியர், ஓவியர் ஆரன் கேம்ப்பெல் அணி 12 இதழ்களில் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரே காட்சியில் அடங்கியிருக்கிறது.

நீண்ட நாள் ஓடிய மாந்திரீகத் தொடரைப் புதியவர்கள் எடுத்து நடத்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் சமீபத்தில் கிடைக்கவில்லை. சறுக்கிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

கைக்கு வந்த சொத்து

கான்ஸ்டன்டைன் முதலில் வந்தது 1985இல், ‘ஸ்வாம்ப் திங்’ என்ற சதுப்புநிலப் பிராணியின் தொடரில், 37ஆம் இதழில். ஆலன் மூர் எழுதியது. பாடகர் ஸ்டிங்கின் சாயலில் ஒரு பாத்திரம் வரைய வேண்டும் என்று ஓவியர்கள் ஸ்டீபன் பிஸெட்டும் ஜான் டாட்டில்பெனும் ஆசைப்பட்டதில் பிறந்த முகம் அது. தனித் தொடர் 1988 ஜனவரி தேதியிட்ட இதழோடு தொடங்கியது: எழுத்து ஜேமி டெலேனோ, ஓவியம் ஜான் ரிட்ஜ்வே, அட்டை டேவ் மெக்கீன். ‘ஹெல்ரெய்ஸர்’ என்றுதான் முதலில் பெயர் வைக்க இருந்தார்கள். அதே பெயரில் கிளைவ் பார்க்கரின் படம் வந்துவிட்டதால் ‘ஹெல்ப்ளேசர்’ ஆனது. 1993இல் டிசி காமிக்ஸ் நிறுவனம் வயதுவந்தோருக்காக நடத்திய வெர்டிகோ முத்திரையின் கீழ் போய், 2013இல் 300ஆம் இதழோடு நின்றது.

இந்த 300 இதழ்களில் எழுத்தாளர்கள் பலமுறை மாறினார்கள். டெலேனோ, கார்த் எனிஸ், பால் ஜென்கின்ஸ், வாரன் எல்லிஸ், பிரையன் அஸ்ஸரெல்லோ, மைக் கேரி, டெனீஸ் மினா, ஆண்டி டிக்கில், பீட்டர் மில்லிகன் என்று முக்கியமானவர்களே ஒன்பது பேர். எல்லிஸ் எழுதிய, பள்ளித் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய ‘ஷூட்’ கதை 1999இல் கொலம்பைன் கொலைகளுக்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது, அவர் விலகினார். அந்தக் கதை 2010இல்தான் அச்சேறியது. அஸ்ஸரெல்லோ கான்ஸ்டன்டைனை அமெரிக்கச் சிறைக்குக் கொண்டுபோனார். மினா கிளாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கைமாற்றமும் ஒவ்வொரு விதம். ஆனால் நிலைத்து நின்றவை எல்லாம் ஒரே இடத்தைப் பிடித்தன: இவனுடைய மந்திரத்துக்கு விலை உண்டு, அந்த விலையைப் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்தான் கொடுக்கிறார்.

எனிஸ் 1991இல் 41ஆம் இதழில் பொறுப்பேற்றபோது செய்ததைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ‘டேஞ்சரஸ் ஹாபிட்ஸ்’, ஆறு இதழ்கள். நாள் முழுக்கப் புகைப்பவனுக்கு நுரையீரல் புற்றுநோய். உதவி தேடி அயர்லாந்தில் இருக்கும் நண்பன் பிரெண்டனிடம் போகிறான். அவனோ உலகின் மிகச் சிறந்த மதுச் சேகரிப்புக்காக ஆன்மாவை விற்றுவிட்டுச் சாகக் கிடக்கிறான். அவன் வீட்டு நிலவறையில் ஒரு புனித நீர் ஊற்று இருக்கிறது. மந்திர மெழுகுவர்த்திகள் எரியும் வரை அந்த நீர் கறுப்பு பீராக இருக்கும். ஆன்மாவை எடுத்துப்போக நரகத்தின் தலைவன் வருகிறான். கான்ஸ்டன்டைன் ஒரு குவளை நிரப்பி நீட்டுகிறான், அவன் குடிக்கிறான், மெழுகுவர்த்தி அணைகிறது. சாத்தானின் வயிற்றில் புனித நீர்.

இதில் கான்ஸ்டன்டைன் மந்திரம் எதுவும் போடவில்லை. எதிரிக்கு என்ன ஆசை, எந்த விதி அவனைக் கட்டும், கருவி எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் வாசகன் கண்ணெதிரே வைத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு அசைவு. தொடரின் இலக்கணமே இதுதான். அந்தச் சம்பவத்தின் விளைவு அடுத்த இதழ்களில் வருகிறது: அவமானப்பட்ட சாத்தான் கான்ஸ்டன்டைனின் ஆன்மாவுக்காகக் காத்திருக்கிறான். தப்பிக்க, கான்ஸ்டன்டைன் நரகத்தின் மற்ற இரு தலைவர்களுக்கும் அதே ஆன்மாவைத் தனித்தனியே விற்கிறான். மூவரும் சண்டையிட்டால் நரகம் அழியும், சொர்க்கம் ஜெயிக்கும். வேறு வழியில்லாமல் அவர்களே அவன் புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்கள்.

2011க்குப் பிறகு கெட்டது எங்கே

2011இல் ‘ஜஸ்டிஸ் லீக் டார்க்’ தொடரில் கான்ஸ்டன்டைனை சூப்பர் ஹீரோக்களோடு சேர்த்தார்கள். 300ஆம் இதழ் முடிந்த கையோடு 2013இல் ‘கான்ஸ்டன்டைன்’, 2015இல் ‘கான்ஸ்டன்டைன்: தி ஹெல்ப்ளேசர்’, 2016இல் ‘தி ஹெல்ப்ளேசர்’. நல்ல எழுத்தாளர்கள், நல்ல ஓவியர்கள். இருந்தும் பாத்திரம் மெலிந்துகொண்டே போனது. காரணம் திறமைக் குறைவு இல்லை, பக்கக் கணக்கு. சூப்பர் ஹீரோ இதழில் சண்டைக்குச் சண்டை கண்ணுக்குத் தெரியும் செயல் வேண்டும். அந்தக் கணக்கில் மந்திரவாதி என்றால் கையிலிருந்து ஒளி பாய வேண்டும். ஒரு ஏமாற்று வேலையை நட்டு, நீரூற்றி, அறுவடை செய்ய இரண்டு மூன்று இடங்களில் சாதாரணப் பேச்சு நடக்க வேண்டும். அந்த இடம் அங்கே இல்லை. ஒளி பாய்ச்சத் தெரிந்தவன் ஏன் ஏமாற்ற வேண்டும் என்ற கேள்வி எழுந்த உடனே விலை காணாமல் போகிறது. விலை போனால் கான்ஸ்டன்டைன் வெறும் கோட்டு மாட்டிய ஆள்.

இன்னொரு சிக்கல் வயது. வெர்டிகோ தொடரில் அவன் நிஜக் காலத்தில் முதுமை அடைந்தான். 1953 மே 10இல் லிவர்பூலில் பிறந்தவன். தொடர் தொடங்கியபோது 34, முடிந்தபோது 59. சூப்பர் ஹீரோ உலகில் இளமையாக்கிவிட்டார்கள். இளமையாக்கியதில் போனது முகச் சுருக்கம் மட்டுமில்லை. 1978இல் நியூகாசிலில் ஆஸ்ட்ரா என்ற சிறுமியைக் காப்பாற்றப் போய் அவளை நரகத்துக்கு அனுப்பிவிட்டு, ரேவன்ஸ்கார் மனநல விடுதியில் அடைபட்டுக் கிடந்தானே, அந்தக் குற்ற உணர்வுக்கு எடை அத்தனை வருடங்கள்தான். பத்து வருடத்துக்கு முன் நடந்தது என்று சுருக்கினால் அது பழைய வழக்கு. நாற்பது வருடமாகச் சுமக்கிறான் என்றால் அதுதான் ஆள்.

ஸ்பரியர் அணி போட்ட அடித்தளம்

2019 ஜூனில் வெர்டிகோ முத்திரையை மூடப்போவதாக டிசி அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ‘சாண்ட்மேன்’ காமிக்ஸ் உலகத்துத் தொடர்களைச் சேர்த்த ‘சாண்ட்மேன் யூனிவர்ஸ்’ குடையின் கீழ் ஒரு சிறப்பிதழ் வந்தது. ஸ்பரியர் எழுத்து, மார்சியோ டகாரா ஓவியம். வயது, வெர்டிகோ, சூப்பர் ஹீரோ என்ற இரண்டில் எந்த உலகத்துக் கான்ஸ்டன்டைன், பழைய 300 இதழ்களை என்ன செய்வது என்ற மூன்று முடிச்சுகளையும் இந்த ஒரே இதழில் அவிழ்த்துவிட்டுத்தான் தொடரையே தொடங்கினார்கள். இந்த வேலைப் பிரிவினையை எந்தப் புதிய அணியும் கவனிக்க வேண்டும். முடிச்சு அவிழ்க்கும் வேலையை முதல் இதழில் வைத்தால், புது வாசகன் கதைக்குள் வருமுன் விளக்கத்தில் மாட்டிக்கொள்வான்.

அவிழ்த்த விதமும் அழகு. 1990-91இல் வந்த ‘தி புக்ஸ் ஆஃப் மேஜிக்’ காமிக்ஸின் கடைசிப் பகுதியில் ஒரு எதிர்காலப் போர் வருகிறது: சிறுவன் டிமோதி ஹண்டர் வளர்ந்து தீமையின் பக்கம் நிற்கிறான். சிறப்பிதழ் அந்தப் போரிலேயே தொடங்குகிறது. கான்ஸ்டன்டைன் செத்துக்கொண்டிருக்கிறான். அப்போது ஒரு கிழவன் வந்து ஒப்பந்தம் பேசுகிறான்: ஆன்மாவைக் கொடு, இன்னொரு வாய்ப்புத் தருகிறேன். அந்தக் கிழவன் வேறு யாருமில்லை, முதுமையடைந்த அவனே. கையெழுத்திட்டு, இன்றைய லண்டனில் வந்து விழுகிறான்.

புது உலகம், புது வரலாறு என்று எதையும் அழிக்கவில்லை. ஏற்கனவே அச்சில் இருந்த ஒரு காட்சியிலிருந்து நூல் எடுத்தார்கள். அவன் இன்றைய நாட்டில் அந்நியனாக இருப்பதற்குக் காரணம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடரின் முதல் பக்கத்துக்கு முன்பே ஒரு கடன் விழுந்துவிட்டது. கடன்காரனும் அவனே. பழைய பாத்திரங்களை வரிசையாக அழைத்துவந்து வணக்கம் சொல்ல வைக்கும் வழக்கமான ஆசையையும் பெரும்பாலும் அடக்கிக்கொண்டார்கள். அதற்குப் பதில் புதியவர்கள்: கிளப் வாசலில் பவுன்ஸராக நிற்கும் நாட், பேச்சு வராத இளைஞன் நோவா. இந்த இருவரும் அவன் பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற உடனே பழைய வாசகனுக்கு வயிற்றைப் பிசையும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இந்தத் தொடரில் என்ன நடக்கும் என்று தெரியும். பழைய வாசகனின் நினைவைப் பயமாக மாற்றியது, பழைய பாத்திரம் ஒன்றை மேடையேற்றுவதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது.

டாமி வில்லோட்ரீ என்று ஒரு போட்டி மந்திரவாதியும் உண்டு. தாடி, கொண்டை, சைவ உணவு, எல்லோரிடமும் அன்பு. இவனைக் கேலிப் பொருளாக வைத்துத் தள்ளிவிடுவது சுலபம். நல்லவனாக இருந்துகொண்டே மந்திரம் செய்ய முடியும் என்று அவன் மனதார நம்புகிறான். கான்ஸ்டன்டைனுக்கு அவனைக் கண்டால் ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவன் சொல்வது சரி என்றால், கான்ஸ்டன்டைனுக்காக இத்தனை பேர் செத்திருக்க வேண்டியதில்லை.

டெலேனோவிடமிருந்து இவர்கள் கற்றது அரசியல் முறை. 1987 ஜூன் பிரிட்டன் தேர்தல் இரவை வைத்து மூன்றாம் இதழிலேயே ஒரு கதை எழுதினார் டெலேனோ: ஆன்மாக்களைப் பங்குச்சந்தை மாதிரி வாங்கி விற்கும் பணக்கார இளைஞர்களின் தோலில் பிசாசுகள். செய்தித்தாளில் இருக்கும் பயத்துக்கு உடம்பு கொடுத்தால் பிசாசு கிடைக்கும் என்பது அந்தச் சூத்திரம். ஸ்பரியர் கையில் அதே சூத்திரம் பிரெக்ஸிட் காலத்து இங்கிலாந்துக்கு வருகிறது. பழம்பெருமை பேசி அந்நியனை வெறுக்கும் நாட்டுக்குப் பிளேக்கின் தேவதைகளைவிடப் பொருத்தமான பிசாசு கிடைக்காது.

பக்கத்தில் நடக்கும் வேலை

கேம்ப்பெல் இதற்கு முன் 2018இல் ‘இன்ஃபிடெல்’ என்ற திகில் தொடரை வரைந்தவர். இனவெறியைப் பேயாக வரைந்து கைபழகியவர். இந்தக் கதைக்கு வேறொருவரைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அவர் முகங்களில் புகைப்படத்தின் திடம் இருக்கும்: தோல் மடிப்பு, கண் கீழ்ப் பை, சவரம் செய்யாத தாடை. சுற்றிலும் அடர்ந்த கறுப்பு, மை சிதறல், கீறல். இந்தச் சேர்க்கைக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. மனிதர்களும் தெருவும் நம்பும்படி இருந்தால்தான், அமானுஷ்யம் நுழையும்போது அது ‘நுழைந்தது’ என்று கண்ணுக்குத் தெரியும். எல்லாமே கோரமாக வரையப்பட்ட இதழில் பிசாசு வந்தால் அது இன்னொரு கோரம், அவ்வளவுதான்.

இதில் ஆபத்தும் உண்டு. கறுப்பு இத்தனை அடர்த்தியாக இருக்கும் பக்கத்தில் வண்ணம் போடுபவர் தவறினால், அச்சில் எல்லாம் சேறாகிவிடும். ஜோர்டி பெல்லேர் தவறவில்லை. அவர் அனுபவம் தெரியும் இடம், எதை வண்ணம் தீட்டாமல் விட்டார் என்பதில். மங்கிய தெருவில் ஒரே ஒரு சூடான நிறம் தெரிந்தால் கண் தானாக அங்கே போகும். பக்கத்தில் என்ன முக்கியம் என்று சொல்லும் வேலை பாதி அவருடையது.

லெட்டரிங், அதாவது பேச்சை எழுதிப் பலூன்களில் அமைக்கும் வேலை, இந்தியாவைச் சேர்ந்த ஆதித்ய பிடிகர். ஸ்பரியர் நிறையப் பேச விடுபவர். கான்ஸ்டன்டைனின் லிவர்பூல்-லண்டன் பேச்சு, லண்டன் தெருப் பையன்களின் பேச்சு எல்லாம் உச்சரிப்பு மாறாமல் எழுத்தில் வரும். அமெரிக்கக் காமிக்ஸில் ஒரு பழைய கணக்கு உண்டு: பேனலுக்கு, அதாவது ஒரு படக் கட்டத்துக்கு, 35 சொல், பக்கத்துக்கு 6 பேனல், மொத்தம் 210 சொல். அதைத் தாண்டினால் பலூன்கள் ஓவியத்தைத் தின்னும். சொல் கூடிய பக்கத்தில் லெட்டரர் செய்ய வேண்டியது, ஒரே பேச்சை இரண்டு மூன்று சிறு பலூன்களாக உடைத்துப் பார்வை இறங்கும் பாதையில் அடுக்குவது. உடைக்கும் இடம் மூச்சு விடும் இடமாக இருந்தால் வாசகனுக்கு நீளம் தெரியாது. தவறான இடத்தில் உடைத்தால் நக்கலாகச் சொன்னது கோபமாகக் கேட்கும். பேச்சாலேயே பிழைக்கும் பாத்திரத்துக்கு இது உயிர்நாடி.

பிறகு நாள்கணக்கு. மாத இதழ் ஏறத்தாழ 20 முதல் 22 பக்கம். கேம்ப்பெல் போல நுணுக்கி வரைபவர் வேலைநாளுக்கு ஒரு பக்கம் முடித்தாலும் மாதம் தீர்ந்துவிடும். ஒரு காய்ச்சல் வந்தால் இதழ் தள்ளிப்போகும். அதனால் இடையில் இன்னொரு ஓவியர் தேவை. வழக்கமாக நடக்கும் தவறு, முதல் ஓவியரைப் போலவே வரைய முயலும் ஒருவரைக் கதையின் நடுவில் நுழைப்பது. வாசகனுக்கு மட்டமான நகல் கிடைக்கும். இங்கே உருகுவே நாட்டு மட்டியாஸ் பெர்காராவை அழைத்தார்கள். ஸ்பரியரோடு ‘கோடா’ தொடரில் வேலை செய்து பழகியவர். அவர் கோடு இலேசானது, துள்ளுவது, முகபாவம் மிகைப்படுவது. கேம்ப்பெல்லுக்கு நேர்மாறு. அவர் கைக்கு ஏற்ற, தனித்து நிற்கும் கதைகளைக் கொடுத்தார்கள். ஓவியர் மாறியது ஓட்டை போடவில்லை, கதையின் தாளம் மாறியதாகத்தான் தெரிந்தது. அட்டைகள் ஜான் பால் லியோன். 2021இல் மறைந்த அந்தக் கலைஞரின் கறுப்பு-வெளுப்பு வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சறுக்கல்

தொடர் 12 இதழ்களோடு 2020 நவம்பரில் நின்றது. விமர்சகர்கள் தூக்கிக் கொண்டாடிய தொடர். நின்றதற்குக் கதை காரணமில்லை என்றாலும், நிற்கப்போவது கதையைக் கடித்தது.

சூழலைப் பார்க்க வேண்டும். தொடங்கும்போது சாண்ட்மேன் யூனிவர்ஸ், பிறகு டிசியின் இன்னொரு முத்திரையான பிளாக் லேபல். முத்திரை மாறும்போது கடைக்காரருக்கும் வாசகருக்கும் இது எந்த அலமாரிப் பொருள் என்பது குழம்பும். அதற்குள் பெருந்தொற்று வந்து, 2020 ஏப்ரல் தொடங்கி அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்குப் புதிய இதழ் அனுப்பும் வேலையை விநியோக நிறுவனமான டயமண்ட் வாரக்கணக்கில் நிறுத்தியது. மாதாமாதம் பழகிய வாசகன் இரண்டு மாதம் விட்டால் திரும்பி வருவது நிச்சயமில்லை. புதிதாக வேர்விடும் தொடருக்கு அது நடு வெயிலில் தண்ணீர் நின்ற மாதிரி.

கதையின் வடிவத்திலும் இதன் தழும்பு தெரிகிறது. முதல் பாதி, நிதானமாகத் தனித்தனிக் கதைகள். ஒவ்வொன்றிலும் கிழவனின் நிழல் ஓரத்தில். நீண்டு ஓடப்போகும் தொடருக்கு இது சரியான வேகம். கடைசி இதழ்களில் அந்தக் கிழவனோடு கணக்குத் தீர்க்க வேண்டிய கட்டாயம் வர, நோவா யார் என்பது, பவுன்ஸர் நாட்டின் இடம், டாமியின் முடிவு எல்லாம் நெருக்கியடித்து வருகின்றன. பன்னிரண்டாம் இதழ் வலுவானது. ஆனால் அதற்கு முந்தைய படிகளில் ஒன்றிரண்டு தாவப்பட்டிருக்கின்றன. அதிகம் அடிபட்டது டாமி. அவன் சரியாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இன்னும் சில இதழ்கள் ஊறியிருக்க வேண்டும். நேரம் கிடைக்காததால், எழுப்பிய கேள்வியின் உயரத்துக்கு அவன் முடிவு எட்டவில்லை.

நீண்ட திட்டம் வைத்திருக்கும் எந்த அணியும் இதிலிருந்து எடுக்க வேண்டிய வேலைமுறை ஒன்று உண்டு. ஆறாம் இதழிலும் பன்னிரண்டாம் இதழிலும் நின்றால் முடிவு எப்படி இருக்கும் என்று முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். தொகுப்பு நூல் ஒன்றுக்கு ஆறு இதழ் என்பது பதிப்புக் கணக்கு. வெட்டு விழுந்தால் அந்த எல்லையில்தான் விழும். இந்தத் தொடரில் முதல் ஆறு இதழ் தனியாக நிற்கும் தொகுப்பாக அமைந்துவிட்டது. இரண்டாம் ஆறில்தான் இரண்டு வேகங்கள் முட்டிக்கொள்கின்றன.

இன்னொன்று, மொழி. உச்சரிப்பை எழுத்தில் கொண்டுவரும் முறை பிரிட்டனுக்கு வெளியே உள்ள வாசகரை முதல் இரண்டு இதழ்களில் களைப்படைய வைக்கும். அதைத் தணிக்கச் சொல்ல மாட்டோம். தணித்தால் கான்ஸ்டன்டைனின் வாய் போய்விடும். ஆனால் முதல் இதழில் கும்பல், பூங்கா, பிளேக், புது உலகம் எல்லாம் சேர்ந்து வரும் பக்கங்களிலாவது பேச்சைக் குறைத்து கேம்ப்பெல்லை மௌனமாக வரைய விட்டிருக்கலாம். அவரால் முடியும் என்பது அந்தத் தேவதைப் பக்கங்களிலேயே தெரிகிறது.

மீண்டும் அதே கை

2024 ஜனவரியில் ஸ்பரியர், கேம்ப்பெல் இருவரும் ‘டெட் இன் அமெரிக்கா’ என்ற தொடர்ச்சியோடு திரும்பினார்கள். வண்ணம் பெல்லேர், லெட்டரிங் பிடிகர், அதே கூட்டணி. மூன்று ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் வேறு அணிக்குப் போகாமல் அதே கைகளுக்கு வந்தது பெரிய விஷயம். இன்னும் பெரியது, முதல் தொடரின் முடிவை அவர்கள் மழுப்பவில்லை. கான்ஸ்டன்டைன் செத்தவன்தான். இதயம் துடிப்பதில்லை, உடம்பு மெல்ல அழுகுகிறது. நோவாவும் நாட்டும் கூட வர, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் போகிறான். நோவா அவன் மகன். 1985இல் அவன் முதலில் தலைகாட்டிய இடத்துக்கே கதை திரும்புகிறது: ஸ்வாம்ப் திங்கும் வழியில் வருகிறது.

அமெரிக்கப் பயணம் என்றதும் அஸ்ஸரெல்லோ காலம் நினைவுக்கு வரும். அங்கே அவன் மனம் வாசகனுக்கு மூடியே இருந்தது. என்ன நினைக்கிறான் என்று கடைசி வரை தெரியாது. இங்கே அவன் வாயை மூடுவதே இல்லை. ஆனால் பேசும் உதடு அழுகிக்கொண்டிருக்கிறது. கேம்ப்பெல் அதை இதழுக்கு இதழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரைகிறார்: தோலின் நிறம் இறங்குகிறது, கண் குழிகிறது. விலை இத்தனை வருடம் மற்றவர் உடம்பில் விழுந்துகொண்டிருந்த தொடரில், முதல்முறையாக அது பக்கத்துக்குப் பக்கம் அவன் முகத்திலேயே எழுதப்படுகிறது. நோவா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருகிறான்.